கூவலுக்குக் கட்டம் இல்லாத நோட்டு

நான் முப்பத்து நான்கு வயதில் ஓய்வு பெற்றவள். இதைச் சொன்னால் கேட்பவர்கள் முதலில் என் தலைமுடியைப் பார்க்கிறார்கள். பிறகு கைகால்களைப் பார்க்கிறார்கள். எதிலும் குறை தென்படாததால், "அவங்க அனுப்புனாங்களா, நீங்களா வந்துட்டீங்களா?" என்று கடைசியில் கேட்டுவிடுகிறார்கள். இரண்டும்தான். ஏற்காட்டிலிருந்து நாகலூர் போகும் சாலையில், காப்பி எஸ்டேட்டுகளுக்கு நடுவே இருக்கும் கோழி இனப்பெருக்கப் பண்ணையில் பதின்மூன்று வருடம் சேவல்களின் கொண்டையை அளந்துகொண்டிருந்தேன். இந்த வருடம் அந்த வேலைக்கே தேவை இல்லாமல் போனது. இப்போது சேவலின் இறக்கையிலிருந்து கொஞ்சம் ரத்தம் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து மலைக்குக் கீழே அனுப்பினால், ஆண் ஹார்மோன் எவ்வளவு, பதற்ற ஹார்மோன் எவ்வளவு என்று தாளில் அச்சாகி வந்துவிடுகிறது. விருப்பமுள்ளவர்கள் போகலாம் என்றார்கள். ஒரு தாளை நடுவில் மடித்து, போவதன் நன்மைகளை ஒரு பக்கமும் தீமைகளை மறுபக்கமும் எழுதினேன். நன்மைப் பக்கம் ஒரு வரி கூடுதலாக இருந்தது. வந்துவிட்டேன்.

என் இடத்துக்கு வந்திருக்கும் இரண்டு பெண்களும் நல்லவர்கள். "அக்கா, மெஷின் இல்லாம ஹார்மோன எப்படிங்க்கா அளந்தீங்க?" என்று கேட்டார்கள். கேட்ட தொனியில், நான் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு வேலைக்குப் போனவள் போல எனக்கே தோன்றியது. பண்ணையின் ஆண்டு மலருக்கு அதை எழுதித் தரச் சொன்னார்கள். அளந்ததையும், அளந்ததால் கெட்டதையும் சேர்த்தே எழுதித் தருகிறேன்.

பயிற்சிக் காலத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. விலங்கியல் பட்டமும், சேலத்தில் ஒரு வருட ஆய்வக உதவியாளர் படிப்பும் முடித்திருந்தேன். முதல் மாதம் சேவலைப் பிடிக்கக் கற்றேன். இரண்டாம் மாதம் அது கொத்தாதபடி பிடிக்கக் கற்றேன். மூன்றாம் மாதம் விளக்குப் பெட்டியில் முட்டை பார்க்கக் கற்றேன். அடைகாப்புப் பெட்டியில் வைத்த ஏழாம் நாள் முட்டையை இருட்டறையில் விளக்குக்கு முன் பிடித்தால், உயிர்பிடித்த முட்டையில் சிலந்தி கால் பரப்பியதுபோலச் சிவப்பு நரம்புகள் தெரியும். உயிர் பிடிக்காதது வெறும் மஞ்சள் வெளிச்சமாக இருக்கும். அதைத் தெளிவு முட்டை என்போம். தெளிவு என்ற சொல் கெட்ட செய்தியாக இருக்கும் ஒரே இடம் கோழிப் பண்ணைதான் என்று நினைக்கிறேன்.

எங்கள் மேலதிகாரி டாக்டர் காதர். ஏற்காடு பஜாரில் மளிகைக் கடை வைத்திருந்த குடும்பம் அவருடையது. சிறு வயதில் கடையில் நின்று எடை போட்ட பழக்கம் கால்நடை மருத்துவம் படித்த பிறகும் போகவில்லை. முட்டையோ, குஞ்சோ, அறுத்தெடுத்த ஈரலோ, தராசில் வைப்பதற்கு முன் உள்ளங்கையில் வைத்து, கண்ணை மூடி, இரண்டு முறை ஆட்டிப் பார்ப்பார். ஒரு எண்ணைச் சொல்வார். அதற்குப் பிறகுதான் தராசு. நாங்கள் எதைக் கொண்டுபோய்ச் சொன்னாலும், "கையில எடுத்துப் பாத்தியா கண்ணு?" என்பார். எதிராளி தப்பாகச் சொன்னால் தப்பு என்று சொல்ல மாட்டார். "அப்புறம்?" என்பார். அந்த "அப்புறம்?" மூன்று முறை வந்தால், சொல்லிக்கொண்டிருப்பவரே தன் தப்பைக் கண்டுபிடித்து, மன்னிப்பும் கேட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போய்விடுவார்.

ஹார்மோனை அவர் எனக்கு விளக்கியது ஒரு செத்த சேவலை வைத்துத்தான். சேவலுக்கு விதைகள் உடலுக்குள்ளே, முதுகெலும்புக்குக் கீழே, சிறுநீரகத்தின் தலைமாட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும். நன்றாக வளர்ந்த சேவலுக்கு ஒவ்வொன்றும் பலாக்கொட்டை அளவு, அதே வெளிர் நிறம். அதற்குப் பக்கத்திலேயே சின்ன மஞ்சள் பொட்டாக அட்ரினல் சுரப்பி. பயந்தாலும், பசித்தாலும், நெரிசலில் நின்றாலும் அது சுரக்கும்.

"ரெண்டும் பக்கத்துப் பக்கத்து ஊடு," என்றார் டாக்டர். "பயத்து ஹார்மோன் தெனமும் சத்தம் போட்டுட்டே இருந்தா, மூளை என்ன நெனைக்கும்? இப்ப உசுரு தப்பிக்கோணும், புள்ள பெக்கறதுக்கு நேரமில்லைன்னு ஆர்டர நிறுத்திப்புடும். ஆர்டர் வராட்டி விதை வளராது. விதை வளராட்டி ஆண் ஹார்மோன் இல்ல. அது இல்லாட்டி கொண்டை சிவக்காது, சேவல் கூவாது. வயித்தக் கிழிச்சுப் பாக்க வேண்டியதில்ல. தலையில எழுதியிருக்கும், படிச்சுக்க."

இதுதான் அந்த இரண்டு பெண்களின் கேள்விக்குப் பதில். கொண்டையை அளந்தோம். அலகு முடியும் இடத்திலிருந்து கொண்டையின் கடைசிப் பல் வரை நீளம், நடுப் பல்லின் உயரம், பிறகு நிறம். வெளிர், இளஞ்சிவப்பு, சிவப்பு என்று மூன்று கட்டம்.

ஒரு தடவை சேலத்திலிருந்து கொண்டை ஊசி வளைவுகள் எல்லாம் சுற்றி லாரியில் வந்த சேவல்கள் ஒரு வாரம் வாயே திறக்கவில்லை. மேனேஜர் கவலைப்பட்டு மருந்து கேட்டார். "நீங்க மொத நாளு மேல ஏறி வந்தப்ப வாந்தி எடுத்துட்டு ரெண்டு நாளு பேசலீங்களே, உங்களுக்கு நா மருந்தா குடுத்தேன்? விட்டனுங்க, சரியாயிட்டீங்க," என்றார் டாக்டர். சேவல்களும் சரியாயின. அந்தப் பாடம் எனக்கு நன்றாகப் புரிந்தது என்று நோட்டில் எழுதிக்கொண்டேன். புரியவில்லை என்பது அடுத்த வருடம் தெரிந்தது.

அது எண்பதுகளின் தொடக்கம். ஒரே அடையில் பொரித்த ஆண் குஞ்சுகளை இரண்டு கொட்டகைகளில், கொட்டகைக்கு நாற்பதாக விட்டோம். ஒரே தீவனம், ஒரே வெளிச்சம். கொண்டை வளர்வதைப் பார்த்து நல்ல சேவல்களைப் பொறுக்கி இனப்பெருக்கத்துக்கு வைப்பது திட்டம். "திங்கக்கெழமைக்குத் திங்கக்கெழமை அள, போதும்," என்றார் டாக்டர்.

எனக்குப் போதவில்லை. வாரத்துக்கு ஒரு புள்ளி வைத்துக் கோடு போட்டால் நடுவில் ஆறு நாள் என்ன நடந்தது என்று யாருக்குத் தெரியும்? இரண்டு கொட்டகையையும் தினமும் அளக்க நேரம் போதாது. என் அறைக்குப் பக்கத்தில் இருந்த இரண்டாம் கொட்டகையை மட்டும் ஞாயிறு உட்படத் தினமும் அளப்பது என்று முடிவு செய்தேன். திங்கட்கிழமை எண்கள் பண்ணை ரிஜிஸ்டருக்குப் போகும். மற்ற நாட்களுடையது என் சொந்த நோட்டுக்கு. கடைசியில் ஒரு அழகான தினசரி வரைபடத்தை டாக்டர் மேஜையில் வைத்து அவரை அசத்த வேண்டும். அதனால் அவரிடம் சொல்லவில்லை. இருபத்து மூன்று வயதில் இதைப் பெரிய சேவை என்று நினைத்தேன்.

இரண்டாம் கொட்டகையின் ஆள் பொன்னி. என் வயதுதான். செம்மநத்தத்துக்காரி, ஒரு பஸ்ஸும் மிச்சம் நடையுமாக விடிவதற்குள் வந்துவிடுவாள். மூன்று வருடமாகத் தற்காலிகம். அந்த ஆனி மாதம் அவளை நிரந்தரமாக்கும் காகிதம் மேனேஜர் மேஜைக்கு வந்திருந்தது. நிரந்தரமானால் பண்ணை வரிசையில் ஒரு வீடு கிடைக்கும். அந்த வீட்டின் சாவி எந்த ஆணியில் தொங்குகிறது என்பதுவரை அவளுக்குத் தெரியும்.

காலை பத்து மணிக்கு நான் கொட்டகைக்குப் போவேன். கொண்டையை அளக்கும் வெர்னியர் அளவுகோல், நோட்டு, பென்சில், மாற்றுப் பென்சில், கொக்கிக் கம்பி. பொன்னி சேவல்களை மூலைக்கு ஓட்டுவாள். நான் கம்பியின் கொக்கியில் காலை மாட்டி இழுப்பேன். தலைகீழாகத் தொங்கும் சேவலை அவள் வாங்கி, இறக்கையை நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொள்வாள். நான் அளப்பேன். நாற்பது சேவலுக்கு ஒன்றரை மணி நேரம். மீதி எல்லாம் மூலையில் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும்.

"ஏனுங்க அம்மிணி, தெனம் அளந்தா கொண்டை வளருமுங்களா?" என்று ஒரு நாள் கேட்டாள். "எங்கூட்டு அவரைக் கொடிய நா ஒரு நாளும் அளந்ததில்லீங்க. அதுபாட்டுக்குக் கூரை மேல ஏறி ஒக்காந்துக்குது."

"வாரம் ஒரு தடவை அளந்தா நடுவுல என்ன நடக்குதுன்னு தெரியாது பொன்னி."

"நடுவுல என்னங்க நடக்கும்? திங்கும், தூங்கும். அதையும் எழுதிக்கிறீங்களா?"

பதினாறாவது வாரத்தில் என் அக்காவின் கல்யாணத்துக்காக ஒன்பது நாள் சேலம் போனேன். திரும்பி வந்த அன்று கொட்டகை வாசலிலேயே பொன்னி சிரித்துக்கொண்டு நின்றாள்.

"நீங்க இல்லாதப்ப நம்ம பசங்க நாலு பேரு கூவிட்டானுங்க அம்மிணி. நொம்ப நல்லாக் கூவுனானுங்க."

நான் நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். நீளம், உயரம், நிறம். "கூவலுக்குக் கட்டம் இல்லையே," என்றேன். கட்டம் இல்லாததை எழுதக்கூடாது என்று படித்திருந்தேன். சிரித்துக்கொண்டிருந்தவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு தண்ணீர்த் தட்டைக் கழுவப் போனாள். நான் கொக்கிக் கம்பியை எடுத்தேன்.

இருபத்து நான்காம் வாரம் சேவல்களைப் பெட்டைகளோடு சேர்த்தோம். இரண்டாம் கொட்டகைக் கொண்டைகள் சிறியவைதான், பின்னால் வளர்ந்துவிடும் என்றிருந்தோம். முட்டைகளைச் சேகரித்து அடை வைத்து, ஏழாம் நாள் விளக்குப் பெட்டியில் பார்த்தேன். ஒன்றாம் கொட்டகை முட்டைகளில் சிலந்திகள் வரிசையாக இருந்தன. இரண்டாம் கொட்டகைத் தட்டுகளில் தெளிவு, தெளிவு, தெளிவு. அடுத்த அடையிலும் அதே.

டாக்டர் கொட்டகைக்கு இரண்டு சேவல் அறுத்துப் பார்த்தார். ஒன்றாம் கொட்டகையுடையது பலாக்கொட்டை. இரண்டாம் கொட்டகையுடையதை வெளியே எடுத்து உள்ளங்கையில் வைத்தார். அதை ஆட்டிப் பார்க்கக்கூட இல்லை. காப்பிக்கொட்டை அளவு. உடல் எடையும் கொஞ்சம் குறைவு. அட்ரினல் மட்டும் பெரிதாக, கொழுகொழுவென்று இருந்தது.

"பசியில கெடந்திருக்கோணும். இல்லாட்டி பயத்துல," என்றார்.

மேனேஜர் பசியைப் பிடித்துக்கொண்டார். "ஒரே மூட்டைத் தீவனம் ரெண்டு கொட்டாய்க்கும் போகுது. ஒண்ணு நல்லா இருக்குது, ஒண்ணு இல்ல. அப்பத் தீவனம் எங்க போச்சு? செம்மநத்தத்துக்கு பஸ் ஏறியிருக்குமுங்க. அந்தம்மா ஊட்டுலயும் கோழி இருக்குதில்ல?"

பொன்னியைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவள் தலை நிமிர்ந்துதான் பதில் சொன்னாள். "என்ற கோழி குப்பையக் கிளறித் திங்கறதுங்க சார். உங்க மாவைக் கொண்டுபோய்க் கொட்டுனா மோந்து பாத்துட்டு அக்கட்டப் போயிரும்."

அன்றிலிருந்து சாயங்காலம் அவள் கிளம்பும்போது காவல்காரர் அவள் பையைத் திறந்து பார்த்தார். நிரந்தரக் காகிதம் மேனேஜர் மேஜையில் மற்றக் காகிதங்களுக்கு அடியில் போனது. அந்த மாதக் கடைசியில் கையெழுத்து விழ வேண்டும். விழாவிட்டால் அடுத்த மாதம் அவளுக்கு வேலையே இல்லை என்று எல்லோருக்கும் தெரியும்.

"ரிப்போர்ட்ட நீ எழுது கண்ணு," என்றார் டாக்டர் என்னிடம். "காரணம்னு ஒரு வரி வேணும். திங்கக்கெழம காலையில. கையில எடுத்துப் பாத்துட்டு எழுது."

ஞாயிற்றுக்கிழமை மதியம், ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டம் காப்பிச் செடிகளை மூடிக்கொண்டிருந்தபோது, வரைபடத் தாளை விரித்தேன். உண்மையைச் சொன்னால், பொன்னி மேல் எனக்கும் அரைச் சந்தேகம் இருந்தது. எந்தத் தேதியில் வளர்ச்சி நின்றதோ அந்தத் தேதியில் தீவனம் குறைந்திருக்க வேண்டும், தினசரி நோட்டு என்னிடம்தான் இருக்கிறது, பிடித்துவிடலாம். மாதக்கணக்காக நான் காத்திருந்த அழகான வரைபடம் அது.

கோடு கிட்டத்தட்டத் தரையோடு படுத்தபடி போயிற்று. பதினாறாவது வாரத்தில் ஒன்பது நாள் இடைவெளி. இடைவெளிக்குப் பிறகு கோடு சட்டென்று ஒரு படி உயரத்தில் தொடங்கியது. மறுபடி படுத்துக்கொண்டது. நோட்டில் அந்தத் தேதிக்குப் பக்கத்தில் என் கையெழுத்தில் பென்சிலால் 'அளவுப் பிழை?' என்று எழுதியிருந்தேன்.

நான் சேலத்தில் சாம்பார் பரிமாறிக்கொண்டிருந்த ஒன்பது நாளில் மட்டும் நாற்பது சேவல்களும் வளர்ந்திருக்கின்றன. நாலு கூவியும் இருக்கின்றன. அப்போதும் தீவனம் போட்டது பொன்னிதான். இல்லாமல் போனது ஒன்றே ஒன்று: கொக்கிக் கம்பியோடு நான்.

பழக்கதோஷத்தில் பட்டியல் போட்டேன். இந்த நோட்டைப் பற்றி டாக்டருக்குத் தெரியாது. மேனேஜருக்குத் தெரியாது. பொன்னிக்குத் தெரியும், ஆனால் தினமும் அளக்கக்கூடாது என்று அவளுக்குத் தெரியாது. நோட்டை அடுப்பில் போட்டால் யாருக்கும் தெரியாது. நாலாவது வரியை எழுதி முடித்தபின் அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கையெழுத்து நன்றாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை காலை பண்ணை ரிஜிஸ்டரையும் என் நோட்டையும் டாக்டர் முன்னால் வைத்தேன். அவர் இரண்டையும் இரண்டு உள்ளங்கைகளில் வைத்து, கண்ணை மூடி ஆட்டிப் பார்த்தார்.

"இது கனமா இருக்குதே," என்றார் என் நோட்டைக் காட்டி.

"தினமும் அளந்தேன் சார். ரெண்டாம் கொட்டகைய மட்டும்."

"அப்புறம்?"

"உங்ககிட்டச் சொல்லலை சார்."

"அப்புறம்?"

"நான் ஊர்ல இல்லாத ஒன்பது நாள்ல மட்டும் கொண்டை வளர்ந்திருக்கு. கூவியும் இருக்கு. பொன்னி சொன்னா. நான் எழுதிக்கலை."

மூன்றாவது "அப்புறம்?" வரவில்லை. அவர் நோட்டுக்குள் மடித்து வைத்திருந்த வரைபடத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கையை நீட்டினார். வெர்னியரை வைத்தேன். அதை மேஜை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார்.

"பசியா பயமான்னு கேட்டனல்லோ. பயம்தான். தெனம் பத்து மணிக்கு நோட்டோட வந்திருக்குது," என்றார். "நீ சொல்றது நெசமான்னு பாக்கோணும். மூணு வாரம் அந்தக் கொட்டாய்க்குள்ள நீ கால் வெக்கக் கூடாது. வேலிக்கு வெளிய ஒக்காந்து எத்தனை கூவுதுன்னு எண்ணு. மேனேஜர்கிட்ட நா பேசிக்கறேன். பொன்னிகிட்ட நீ பேசு. அது என்ற வேலையில்ல."

பொன்னியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கையில் இருந்த தீவனக் கூடையைக் கீழே வைத்தாள்.

"அப்ப நா தீவனம் எடுக்கலீங்களா?"

"இல்லை."

"எனக்குத் தெரியுமுங்க அது. உங்களுக்குத் தெரிஞ்சுதான்னு கேட்டேன்." "பத்து நாளா சாயங்காலத்துல என்ற பையத் தொறந்து காட்டிட்டுப் போறேன். சோத்துப் போசியக்கூட மூடி தொறந்து பாக்கறாங்க. அதுக்கு உங்க நோட்டுல கட்டம் இருக்குதுங்களா அம்மிணி?"

அன்று சாயங்காலம் அவள் கிளம்பும்போது நானும் கேட் வரை போனேன். காவல்காரர் கையை நீட்டியதும் என் பையைத் திறந்து காட்டினேன். அவர் திகைத்துப்போய் இரண்டு பையையும் பார்க்காமல் விட்டுவிட்டார். மறுநாளும் போனேன். மூன்றாம் நாள் அவரே எழுந்திருக்கவில்லை. பொன்னி என்னோடு பேசவில்லை. ஆனால் நான் வரும்வரை நின்றாள்.

முதல் வாரம் வேலிக்கு வெளியே உட்கார்ந்து நான் எழுதியது எல்லாம் பூஜ்யம். மேனேஜர் அந்தப் பக்கமாகப் போகும்போதெல்லாம், "ஏனுங்க, கச்சேரி எப்ப ஆரம்பிக்குமுங்க?" என்று கேட்டுவிட்டுப் போவார். இரண்டாம் வாரம் வியாழக்கிழமை, தொண்டையில் ஏதோ மாட்டியதுபோல ஒன்று கத்தியது.

"இது கூவலா, இருமலா?" என்று கேட்டேன். பத்து நாளில் பொன்னியிடம் நான் கேட்ட முதல் கேள்வி.

உள்ளே பெருக்கிக்கொண்டிருந்தவள் நிமிராமலே சொன்னாள். "மொதத் தடவை நீங்க பாடுனா எப்படி இருக்குமுங்க? எழுதிக்குங்க, கூவல்தான்."

எழுதினேன். அடுத்த நாள் மூன்று. மூன்றாம் வாரக் கடைசியில் எண்ண முடியாமல் பென்சிலை வைத்துவிட்டேன். கொண்டைகள் தூரத்திலிருந்தே சிவப்பாகத் தெரிந்தன. மாதம் முடிந்துவிட்டது, டாக்டர் மேனேஜரிடம் என்ன பேசினாரோ, காகிதம் காத்திருந்தது. அடுத்த அடையின் ஏழாம் நாள் விளக்குப் பெட்டியில் முதல் முட்டையை வைத்தபோது பொன்னியையும் இருட்டறைக்குள் கூப்பிட்டேன். சிலந்தி. அடுத்ததும் சிலந்தி. தட்டு முடியும்வரை இருவரும் எண்ணிக்கொண்டு நின்றோம். எல்லாவற்றிலும் இல்லை, ஆனால் மேனேஜர் கையெழுத்துப் போடும் அளவுக்கு இருந்தது.

அறிக்கையில் 'காரணம்' என்ற வரியில் 'பதிவாளர் தினமும் பிடித்து அளந்தது' என்று எழுதி என் பெயரையும் போட்டேன். டாக்டர் படித்துவிட்டு ஒரே ஒரு திருத்தம் செய்தார். பதிவுப் படிவத்தில் நிறத்துக்குப் பக்கத்தில் கோடு கிழித்து, 'கூவியதா?' என்று ஒரு கட்டம் சேர்த்தார். அது பிறகு அச்சிலும் ஏறி, இன்றுவரை இருக்கிறது. வெர்னியரைத் திருப்பித் தர அவருக்கு நாலு மாதம் ஆனது. பொன்னி ஆணியிலிருந்து சாவியை எடுத்துக்கொள்ள ஒரு நாள்கூட ஆகவில்லை.

புதிதாக வந்த பெண்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் மெஷின் நல்ல மெஷின். ஆனால் ரத்தம் எடுக்கவும் சேவலைப் பிடிக்க வேண்டும். தாளில் அச்சாகி வரும் பதற்ற ஹார்மோனில் எவ்வளவு சேவலுடையது, எவ்வளவு உங்களுடையது என்று ஒரு தடவை பிரித்துப் பாருங்கள்.

கடைசி நாள் மாலை, கழுத்தில் ஒரு மாலையும் கையில் ஒரு சுவர்க் கடிகாரமுமாக, இரண்டாம் கொட்டகையைப் பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன். பொன்னி இப்போது இரண்டு கொட்டகைக்கும் மேற்பார்வை. கேட்டின் குறுக்கே கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"உள்ள போவாதீங்க அம்மிணி. இந்த அடைப் பசங்க இப்பத்தான் கூவப் பழகறானுங்க. உங்களப் பாத்தா மறந்துப்புடுவானுங்க."

"நான் இன்னிக்கு ரிட்டயர் ஆயிட்டேன் பொன்னி."

"அது எனக்குத் தெரியுமுங்க. அவனுங்களுக்குத் தெரியாதுங்களே."

வேலிக்கு வெளியே, அவளுக்குப் பக்கத்தில் நின்றேன். கையில் நோட்டு இல்லை. பஸ் வரும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன். ஏழு.

"எட்டுங்க," என்றாள் பொன்னி. "ஒண்ணு மெதுவாக் கூவுச்சு."